ஆடிக் கடல் ஏன் தணுக்கிறது?

எங்கள் ஊரில் குளிருக்குத் தணுப்பு என்று பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலை ஒட்டிய கடற்கரைக் கிராமம். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிச் சில நாளில், கரையில் காலை நனைத்தவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான்: "தண்ணி தணுத்தாச்சு." சித்திரையில் உலைநீர் போலக் கிடந்த அதே கடல் ஆடியில் கணுக்காலைக் கடிக்கும்.

சின்ன வயதில் மாமாவிடம் காரணம் கேட்டேன். அவர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். "தணுத்தா சாளை ஏறும் மக்கா" என்றார். சாளை என்றால் மத்தி மீன். நான் கேட்டது அதையல்ல. ஆகவே நானே ஒரு விடை செய்துகொண்டேன்: மழை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, ஆறுகள் பெருகி வந்து விழுகின்றன, கடல் குளிர்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கல்லூரி விடுதியில் நண்பர்களுக்குச் சொன்னேன். கல்யாணமான புதிதில் மனைவிக்குச் சொன்னேன். முப்பது வருஷம் இந்தத் தப்பை முழு நம்பிக்கையோடு ஊருக்கெல்லாம் பரிமாறியிருக்கிறேன்.

அது உடைந்தது சென்னையில். ஒரு ஜூன் மாதம், பகலில் 40 டிகிரி வெயில், வாரக்கணக்கில் ஒரு தூறல்கூட இல்லை. சாயங்காலம் மகளோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் அலையில் நின்றேன். தணுப்பு. அசல் குளச்சல் தணுப்பு. நான் பழைய பாட்டை ஆரம்பிக்கும் முன்பே அவள் கேட்டுவிட்டாள்: "இங்கதான் மழையே பெய்யலையேப்பா?"

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை.

மழைக்கு அந்த வல்லமை கிடையாது. மழைநீர் உப்பில்லாதது, கடல்நீரைவிட இலேசானது, மேலேயே மிதந்து பரவும். மேகம் வெயிலை மறைப்பதும் காற்று ஈரத்தை உறிஞ்சுவதும் கடலைக் கொஞ்சம் ஆற்றும், அது உண்மை. ஆனால் ஏப்ரலில் 30 டிகிரியைத் தொடும் எங்கள் கரையோர நீர் ஜூலை, ஆகஸ்டில் 25, 26க்கு இறங்குவதற்குப் பெரிய காரணம் தலைக்கு மேலே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. நாம் தொடுவது மேலே இருந்த நீரே அல்ல. ஆழத்தில் இருட்டில் கிடந்த வேறு நீர் அந்த இடத்துக்கு ஏறி வந்திருக்கிறது. கடலியலாளர்கள் இதை அப்வெல்லிங் என்கிறார்கள். ஆழ்நீர் மேலெழுச்சி என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

பழங்கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். இரவில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்த சோற்றுப் பானையைக் காலையில் அசைக்காமல் திறந்து பாருங்கள். மேலே தெளிந்த நீர். பருக்கையெல்லாம் அடியில். கடலும் அப்படித்தான் படிந்து கிடக்கிறது. பாசி வளரப் போதுமான வெளிச்சம் எட்டுவது மேலே சுமார் நூறு மீட்டர் வரைக்கும்தான். அங்கே வாழும் நுண்பாசிகள் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளை எடுத்து வளர்கின்றன. அவற்றைத் தின்றவையும், தின்றவற்றைத் தின்றவையும் செத்தும் கழித்தும் கீழே உதிர்கின்றன. அந்த உதிரலை ஆழத்தில் பாக்டீரியாக்கள் சிதைத்து மறுபடியும் சத்தாக்குகின்றன. ஆனால் அங்கே வெயில் இல்லை. மேலே வெயில் உண்டு, உரம் இல்லை. கீழே உரம் உண்டு, வெயில் இல்லை. நடுவில் வெதுவெதுப்பான இலேசான மேல்நீர், பானை மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. வெப்ப நாடுகளின் கடலில் இந்த மூடி இன்னும் கெட்டி.

சுற்றுலா விளம்பரத்தில் பளிங்குபோல் தெரியும் நீலக் கடலைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெரும்பாலும் அது பட்டினிக் கடல். பானையின் மேல்நீர்.

மூடியைத் திறப்பது காற்று. அது செய்யும் விதம்தான் விசித்திரம். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்து நீரைத் தள்ளுகிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. கரையை ஒட்டி, கரைக்கு இணையாக அடிக்கிற காற்றுதான் கரையோர நீரைக் கடலுக்குள் அனுப்புகிறது.

இந்த முடிச்சின் முதல் நுனியைப் பிடித்தவர் நார்வேக்காரத் துருவப் பயணி நான்சென். 1893 முதல் 1896 வரை பிராம் என்ற கப்பலை வடதுருவப் பனிக்கட்டிக்குள் வேண்டுமென்றே சிக்கவைத்து மிதக்கவிட்டார். பனிக்கட்டி காற்றடிக்கும் திசையில் போகவில்லை. எப்போதும் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக விலகிப் போயிற்று. ஊருக்குத் திரும்பியதும் கணக்கில் புலியான பியர்க்னஸிடம் இதைச் சொன்னார். பியர்க்னஸ் தன் மாணவர் எக்மனிடம் கொடுத்தார். சுவீடனைச் சேர்ந்த எக்மன் 1905இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் கடலியல் பாடத்தின் முதல் படிகளில் ஒன்று.

பூமி சுழல்வதால், வடபாதிக் கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் சாயும். காற்று உரசி இழுக்கும் மேல்படலம் சற்று வலப்பக்கம் சாய்ந்து போகிறது. அது தனக்குக் கீழுள்ள படலத்தை இழுக்கிறது. அந்தப் படலம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் மெதுவாக. இப்படியே பல பத்து மீட்டர் ஆழம்வரை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மொத்த நீரும் காற்றுக்குச் செங்குத்தாக, சரியாக வலக்கைப் பக்கம் போகிறது. தென்பாதிக் கோளத்தில் இடக்கைப் பக்கம்.

நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். தென்மேற்குப் பருவம் என்று பேர் இருந்தாலும், கேரளக் கரையையும் எங்கள் கரையையும் நெருங்கும்போது அந்தக் காற்று திரும்பி, வடமேற்கு சாய்ந்து, கரையோடு கன்னியாகுமரி நோக்கி வீசும். குளச்சலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வலக்கையை நீட்டினால் அரபிக்கடல். நீர் அந்தப் பக்கம் போகிறது, காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து ஏறுகிறது. அதே பருவத்தில் சென்னைக்கு வாருங்கள். இங்கே காற்று தென்மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வருகிறது. முதுகைக் காட்டினால் முகம் ஆந்திரா பக்கம். வலக்கை எங்கே? வங்கக்கடல். இங்கும் நீர் வெளியே போகிறது, இங்கும் அடிநீர் ஏறுகிறது. பெசன்ட் நகரில் என் காலைக் கடித்தது அதுதான். இதே காரியம் விசாகப்பட்டினம் கரையிலும் நடப்பதை லாபாண்ட் என்ற அமெரிக்கர் 1950களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே.

ஒரே காற்று, எதிரெதிரான இரண்டு கரை, இரண்டிலும் வலக்கை கடல் பக்கம். இதை மனைவியிடம் மொட்டைமாடியில் நின்று கையை நீட்டி நீட்டி விளக்கினேன். எதிர்வீட்டுக்காரர் ஏதோ புதுவிதத் தேகப்பயிற்சி என்று நினைத்திருப்பார்.

இந்த ஏற்றம் மிக மெதுவானது. நாளைக்குச் சில மீட்டர்தான். ஒரு தென்னையின் உயரத்தைக் கடக்க நாலைந்து நாள் பிடிக்கும். ஊற்றுபோலப் பீறிட்டு வருவதாக நினைத்துவிடக் கூடாது. ஆனால் காற்று மாதக்கணக்கில் விடாமல் அடிக்கிறது, கரையும் நூற்றுக்கணக்கான மைல் நீளம். எங்கள் பகுதியில் மே மாதவாக்கில் தெற்கு நுனியில் தொடங்கி, மெல்ல வடக்கே பரவி, செப்டம்பர் தாண்டியும் நீடிக்கும்.

உரத்தோடு வந்த நீர் வெயிலைத் தொட்டதும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டயாட்டம் என்கிற நுண்பாசிகள் பெருகும். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு செய்துகொள்ளும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. நிலைமை வாய்த்தால் ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும். கடல் பச்சையாகும், கலங்கும், வாடை அடிக்கும். குளிக்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மாமா சுளிக்க மாட்டார். டயாட்டத்தை நேரடியாகச் சலித்துத் தின்னும் மீன் ஒன்று உண்டு. அதுதான் சாளை. அதன் செவுள்களில் சல்லடைபோலச் சீப்பு இருக்கும். அன்றைய சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல்லும் ராமசாமி நாயுடுவும் 1920களிலேயே மலபார்க் கரைச் சாளையின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இந்தப் பாசிகளைக் கண்டிருக்கிறார்கள்.

பாசியிலிருந்து மீனுக்கு ஒரே தாவல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் ஒருவரைத் தின்னும் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்பது பங்கு வீணாகும். நடுக்கடலில் சூரை மீன்வரை வருவதற்குள் சுமார் ஐந்து படி என்று 1969இல் ஜான் ரைதர் என்ற கடலியலாளர் கணக்குப் போட்டார். மேலெழுச்சிக் கடலில் சராசரியாக ஒன்றரைப் படி. பெரும் மேலெழுச்சி நடக்கும் கரைகள் கலிபோர்னியா, பெரு–சிலி, வடமேற்கு ஆப்பிரிக்கா, நமீபியா–தென்னாப்பிரிக்கா என நான்கு. கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த நான்கும் உலகக் கடல்மீன் பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருகின்றன.

இவற்றில் பெருவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அங்கே காற்று தெற்கிலிருந்து வடக்கே. முதுகைக் காட்டி நின்றால் இடக்கையில் பசிபிக், தென்பாதிக் கோளத்துக்கு அதுவே கணக்கு. அந்த நீரில் விளைவது நெத்திலிக்குச் சொந்தக்கார மீன், அன்சோவேட்டா. அதைத் தின்ற கடற்பறவைகள் சின்சா தீவுகளில் போட்ட எச்சம் மலையாகக் குவிந்து, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகக் கப்பல் கப்பலாகப் போயிற்று. 1864இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைப் பிடித்துக்கொள்ள, போரே மூண்டது. பிறகு பறவையை விட்டுவிட்டு மீனையே நேரடியாக அள்ளி மீன்மாவு ஆக்கினார்கள். 1970இல் பிடிபட்ட அன்சோவேட்டா 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். 1973இல் 20 லட்சம் டன்கூட இல்லை. நடுவில் வந்தது, சில வருஷங்களுக்கு ஒருமுறை பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, கூடவே அளவில்லாத பிடிப்பு.

எல் நினோ வந்தால் காற்று நின்றுவிடும், அதனால் மேலெழுச்சி நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. கரையோரக் காற்று தொடர்ந்து அடித்தாலும் பயன் இருக்காது. ஏனென்றால் மேற்குப் பசிபிக்கிலிருந்து திரும்பி வந்த வெந்நீர் கரையருகே தடித்துப் படர்ந்து, குளிர்ந்த நீரை ஆழத்துக்கு அமுக்கிவிடுகிறது. மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது, ஆனால் வருவது மேல்தண்ணீரேதான்.

இவ்வளவும் படித்த தெம்பில் மாமாவுக்குப் போன் போட்டேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. விசைப்படகுத் தடை கன்னியாகுமரிக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பெரிய படகுகள் கரையேறிக் கிடக்கும் அந்த ஆனி ஆடியில்தான் மாமா போன்ற வள்ளக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம். கடல் அடிக்கும், ஆனால் போட்டி குறைவு. அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. பொறுமையாகக் கேட்டார். காற்று, வலக்கை, அடிநீர், பாசி, சாளை. முடித்ததும் சொன்னார்:

"காத்து கேறுததுக்கு முன்னாடியே அடித்தண்ணி தணுத்துரும் மக்கா. தூண்டிக் கல்ல எடுத்துத் தொட்டுப் பாரு."

எனக்கு முகம் செத்துப் போயிற்று. காற்றுதான் காரணம் என்றால் காற்றுக்கு முன்பே எப்படி? மறுபடியும் புத்தகம். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரர்களும் வெளிநாட்டவர்களும் இதைப் பல வருஷமாக மென்றிருக்கிறார்கள். தென்மேற்குக் கரையில் குளிர்நீர் அடுக்கு பருவக்காற்றுக்கு மாதங்கள் முன்பே மேலே நகரத் தொடங்கிவிடுகிறது. வங்கக்கடலிலும் இலங்கைக்குத் தெற்கேயும் அடிக்கும் காற்று அங்கே நீரடுக்கை அசைக்கிறது. அந்த அசைவு கெல்வின் அலையாகி, கரையை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஊர்ந்து வருகிறது. இந்தியக் கிழக்குக் கரையோடு தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, எங்கள் கரையோடு வடக்கே ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அலை. மேற்பரப்பில் சில சென்டிமீட்டர்தான், அடியில் பல மீட்டர். ஆக, எங்கள் ஊர்க் கடலின் மூடியைத் தளர்த்தி வைப்பது எங்கோ அடித்த காற்று. ஆனி ஆடிக் காற்று வந்து அதை முழுதாகத் திறக்கிறது.

அடுத்த போனில் இதைச் சொன்னேன். "செரி" என்றார். பிறகு இன்னொன்று கேட்டார்: "மேல்தண்ணி வெளிக்கடலுக்குப் போவுதுன்னு சொல்லுத. அப்போ முட்டையும் குஞ்சும் அதோடயே போயிராதா?"

போகும். காற்று வலுத்தால் சத்து நிறைய ஏறும், ஆனால் பாசியும் மீன்குஞ்சும் கரையைவிட்டு இழுத்துச் செல்லப்படும், நீரும் கலங்கிக் குஞ்சுகளுக்கு இரை எட்டாமல் சிதறும். காற்று குறைந்தால் குஞ்சு பத்திரம், ஆனால் பட்டினி. கியூரி, ராய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989இல் இதை எழுதினார்கள். வினாடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றுதான் சாளை, நெத்திலி வகைக் குஞ்சுகளுக்கு ஏற்றது, அதற்கு மேலும் கீழும் ஆபத்து என்றார்கள். மாமா கேட்ட கேள்விதான், அவர்கள் புள்ளிவிவரத்தோடு கேட்டிருக்கிறார்கள். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவருக்குத் தலைகனம்.

அவருக்கும் ஒரு தப்பு உண்டு என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட அற்ப சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. ஆடியில் சில நாள் அடிமீன்களும் இறாலும் கரைக்கு மிக அருகே கூட்டமாக வந்து நிற்கும். "மழைத்தண்ணி குடிக்க வாறது" என்பது மாமாவின் விளக்கம். மழைமேல் பழிபோடுவது எங்கள் குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

அவை குடிக்க வரவில்லை, மூச்சு முட்டி ஓடி வருகின்றன. ஆழத்தில் பாக்டீரியா உதிரல்களைச் சிதைக்கும்போது ஆக்சிஜனையும் செலவழித்துவிடுகிறது. அரபிக்கடலின் அடிநீர் உலகிலேயே ஆக்சிஜன் வறண்ட நீர்களில் ஒன்று. மேலெழும்போது உரத்தோடு அந்த வறட்சியும் கூடவே ஏறி, கரையோரத் தரைமேல் படர்கிறது. மேலே பெருகிய பாசி செத்து விழுந்து அழுக, மிச்சமிருந்ததும் தீர்கிறது. கொச்சியில் வேலை செய்த ஜெர்மானியர் கார்ல் பான்ஸே 1959இலேயே இதைக் காட்டினார். மேலெழுச்சி மாதங்களில் கொச்சிக் கடலடியில் இழுவை வலை வெறுமையாக வருவதற்கு, அந்தத் தரையில் மீன் மூச்சுவிட முடியாததுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் ஈலண்ட்ஸ் விரிகுடாவில் 1997இல் சுமார் 2000 டன் சிங்கி இறால் கடலைவிட்டு மணலுக்கு ஏறி வந்து செத்தன. அங்கும் பாசிப் பெருக்கம், அதன் அழுகல், ஆக்சிஜன் பஞ்சம். சாளைக்குச் சோறு போடும் நீர்தான் அடியில் கிடப்பவற்றின் கழுத்தையும் பிடிக்கிறது. மேலெழுச்சியைக் கடலின் வரம் என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் இதை எப்படி மறக்கின்றன என்று புரியவில்லை.

சாளை வராத வருஷங்களும் உண்டு. கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய சாளை, 2021இல் வெறும் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போட்ட கணக்கு. இடையில் 2015இன் எல் நினோ, குஞ்சுகளை வாரிய வலைகள். பிறகு மெல்ல ஏறியது. அந்தக் கெட்ட வருஷங்களிலும் எங்கள் ஊரில் தண்ணீர் தணுத்தது. "தணுத்தா சாளை ஏறும்" என்ற வாக்கியத்தை மாமா அப்போது சொல்வதை நிறுத்தியிருந்தார். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் குழம்புக்குப் பதில் வெறும் மிளகாய்ச் சம்மந்தி வைத்து அத்தை பரிமாறியது நினைவிருக்கிறது.

போன வருஷம் நான் ஒரு விஞ்ஞானக் காரியம் செய்தேன். மீன்தொட்டிக்குப் போடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, கூரியரில் மாமாவுக்கு அனுப்பினேன். தூண்டில் கல்லோடு கட்டி இருபது பாகம், அதாவது சுமார் 36 மீட்டர், ஆழத்தில் இறக்கி, மேலே எடுத்து, எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. "மேலயும் கீழயும் ஏறக்கொறைய ஒண்ணுதான் காட்டுது மக்கா. உனக்க பாடம் தப்பு."

பாடம் தப்பில்லை. அவர் கயிறை நிதானமாக இழுத்து முடிப்பதற்குள், வழியிலிருந்த வெதுவெதுப்பு தெர்மாமீட்டரில் ஏறிவிட்டது. இந்தச் சிக்கல் 1870களிலேயே தெரிந்து, லண்டனில் நெக்ரெட்டி–ஸாம்ப்ரா நிறுவனத்தார் ஒரு வழி கண்டார்கள். வேண்டிய ஆழத்தில் தெர்மாமீட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாதரச இழை அறுந்து, அந்த இடத்து வெப்பம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 1874இல் வந்த அந்த உபாயத்தை நம்பித்தான் நூறு வருஷம் கடலை அளந்தார்கள். இதை மாமாவுக்கு விளக்கினேன். கல்லைத் தொட்டால் போதும் என்றார்.

இந்த ஆடிக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன். அந்தத் தெர்மாமீட்டர் மாமா வீட்டு முன்னறையில், மாதா படத்துக்கும் நாள்காட்டிக்கும் நடுவே ஒரு ஆணியில் தொங்குகிறது. 29 காட்டியது. வருகிறவர்களிடம் அத்தை சொல்கிறாராம், அது கடலுக்கு உள்ளது, வீட்டுக்கு அல்ல என்று.